கதிரையில் இருக்க ஒரு விசா

"ரூல்ஸ் ரூல்ஸ்தானே, போறதுக்கு முந்தி வாசிச்சுப் பார்த்திருக்கலாமே." கட்டுநாயக்கவில் கவுண்டரில் மறிக்கப்பட்டு, பெட்டியோடு ஜிந்துப்பிட்டிக்குத் திரும்பி வரும் பிள்ளைக்கு நம்மட ஆக்கள் சொல்லும் முதல் வார்த்தை இது. குடிக்கத் தண்ணி கொடுக்க முந்தியே சொல்லிவிடுவார்கள். லண்டனில் இருக்கிற மாமா போனில் அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுவார்.

சரி, வாசிப்போம். எங்களுக்கும் அதுதான் ஆசை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விசாக் கோவை என்று ஒரு சட்டம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் 810ஆம் இலக்க ஒழுங்குவிதி. அதன் நான்காவது இணைப்பில் 12 நாடுகளின் பெயர்கள்: ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், கொங்கோ ஜனநாயகக் குடியரசு, எரித்திரியா, எத்தியோப்பியா, கானா, ஈரான், ஈராக், நைஜீரியா, பாகிஸ்தான், சோமாலியா, இலங்கை. இந்த நாடுகளின் கடவுச்சீட்டை வைத்திருப்பவர் ஷெங்கன் நாடொன்றின் விமான நிலையத்தில் விமானம் மாறுவதென்றால், குடிவரவு மேசைப் பக்கமே போகாமல் உள்ளேயே ஒரு கதிரையில் இருந்துவிட்டு அடுத்த விமானத்தில் ஏறுவதென்றாலும், முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். 'ஏ' வகை விசா. கட்டணம் 90 யூரோ. ஈபிள் கோபுரம் பார்க்கப் போகிறவர் கட்டுவதும் அதே 90 யூரோதான். நம்முடைய காசில் முப்பதாயிரம் ரூபா அளவில் வரும். கோப்பிக் கடைக்கும் கழிவறைக்கும் நடுவில் மூன்று மணித்தியாலம் இருப்பதற்கு.

இதைவிட வடிவான பகுதி 14ஆவது உறுப்புரையில் இருக்கிறது. மற்ற விசாக்களுக்கு ஏன் வருகிறாய், எங்கே தங்குவாய், கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார்கள். இந்த விசாவுக்கு, உள்ளே வரும் எண்ணம் உனக்கு இல்லை என்பதை மதிப்பிட உதவும் தகவல்களைக் கேட்கிறார்கள். வரமாட்டேன் என்று காட்டி வாங்க வேண்டிய விசா. இல்லாத எண்ணத்தை எந்தக் கடையில் போட்டோ கொப்பி அடிக்கிறது?

பிரித்தானியாவுக்கும் இப்படி ஒன்று உண்டு. டைரக்ட் எயார்சைட் ட்ரான்சிட் விசா என்பார்கள், இலங்கை அந்தப் பட்டியலிலும் இருக்கிறது. அமெரிக்கா இன்னும் நேரடியான ஆள்: விசா இல்லாமல் விமானம் மாறும் வசதியை 2003 ஆகஸ்டில் நிறுத்தியது, பிறகு திறக்கவே இல்லை. நம்மட ஆக்களில் பலர் டுபாய், டோஹா, அபுதாபி என்று சுற்றிப் போகிறார்கள். நம்மட குடும்பங்களின் பயணப் பாதைகளை ஒரு உலகப் படத்தில் கீறிப் பார்த்தால், ஐரோப்பாவுக்கு மேலால் ஒரு ஓட்டை தெரியும்.

இப்போது அந்த மறிக்கப்பட்ட பிள்ளையின் கதை. எங்கள் கூட்டத்தில் ஒருவர். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, முறையான மாணவர் விசாவும் எடுத்தாயிற்று. நேரடி விமானத்தைவிட மலிவாக பிராங்பேர்ட் வழியாக ஒரு டிக்கட். டிக்கட் போட்ட ஏஜென்சி ஒன்றும் சொல்லவில்லை. கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தார், மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார், இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். "ஜேர்மன் ட்ரான்சிட் விசா இருக்கா?" "நான் ஜேர்மனிக்குப் போகலயே." "அது தெரியும். இருக்கா?"

டிக்கட் காசு போனது. அடுத்த கிழமை டோஹா வழியாக இன்னொரு டிக்கட், கடன் பட்டு. முதல் வார வகுப்புகளும் போயின.

மாமா சொன்ன மாதிரி வாசித்திருக்கலாம். வாசித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? கனடா, அமெரிக்கா, ஜப்பான் விசா வைத்திருக்கும் இலங்கையருக்கு ஷெங்கன் ட்ரான்சிட் விசா தேவையில்லை என்று தெரிந்திருக்கும். பிரித்தானிய விசா வைத்திருப்பவருக்கும் முந்தி தேவையிருக்கவில்லை, பிரித்தானியா ஒன்றியத்துக்குள் இருந்தபடியால். அது வெளியேறி, 2021 ஜனவரி 1ஆம் திகதியோடு அந்த விலக்கும் போனது. கடுதாசி அதே கடுதாசி, பிள்ளை அதே பிள்ளை, விமானம் அதே விமானம். பிரெக்சிட்டுக்கு வாக்களித்த எவரும் கொட்டாஞ்சேனையைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்திருக்க மாட்டார். விலையை இங்கே கட்டினோம்.

கவுண்டரில் இருந்த அந்தப் பெண் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. அவருடைய திரையில் இருப்பது டைமேட்டிக் போன்ற ஒரு தரவுத்தளம், எந்தக் கடவுச்சீட்டு எந்த வழியாகப் போகலாம் என்று விமான நிறுவனங்களுக்குச் சொல்வது. சரியான கடுதாசி இல்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால் நிறுவனத்துக்கு அபராதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டுப் பணிப்புரைப்படி, நாடுகள் ஒரு ஆளுக்குக் குறைந்தது 3,000 யூரோ என்றோ, உச்ச அளவு 5,000 யூரோவுக்குக் குறையாமலோ அபராதம் வைக்க வேண்டும். பிரித்தானியாவில் 2,000 பவுண். மாதச் சம்பளத்துக்கு நிற்கிற ஒருவர் இந்தத் தொகையைத் தலையில் வைத்துக்கொண்டு நம்மட முகத்தைப் பார்க்கிறார். அவர் குடிவரவு அதிகாரி இல்லை, சட்டம் படித்தவரும் இல்லை. ஆனால் ஜேர்மனியின் எல்லை அவருடைய மேசையில் தொடங்குகிறது. தூதரகம் மறுத்தால் காரணம் எழுதி ஒரு கடிதமாவது தரும். கவுண்டரில் மேன்முறையீடு கிடையாது, "அடுத்த ஆள் வாங்க" மட்டும்தான்.

இந்த ஏற்பாடு வானத்திலிருந்து விழுந்ததில்லை. நம்மட பெரியப்பாமாரும் மாமாமாரும் போன பாதையில் ஒவ்வொரு கல்லாக அடுக்கப்பட்டது. "ரூல்ஸ்தானே" என்று சொல்கிறவர்கள் மறந்துபோன பகுதி இது. சிலர் மறந்துபோக விரும்புகிற பகுதி.

1983 ஜூலைக்குப் பிறகு நாட்டை விட்டு ஓடியவர்களில் பலர் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கினார்கள். ஷோனபெல்ட் விமான நிலையம். கிழக்கு ஜேர்மனி ட்ரான்சிட் விசா கொடுத்தது. நகர ரயிலில் ஏறினால் மேற்கு பெர்லின். அந்தக் கோட்டை மேற்கு ஜேர்மனி ஒரு நாட்டு எல்லையாக ஏற்கவில்லை, அதனால் அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டு பார்க்க ஆள் வைக்கவும் முடியவில்லை. பனிப்போரின் இந்தச் சின்ன இடுக்கால் நுழைந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பெர்லினிலும் பாரிசிலும் சூரிச்சிலும் இருக்கிறவர்களில் ஒரு பகுதி. 1985 ஜூலையில் அந்த இடுக்கு அடைக்கப்பட்டது: மேற்கு ஜேர்மனியின் விசா இல்லாத இலங்கையருக்கு இனி ட்ரான்சிட் இல்லை. அதே மாதம் மேற்கு ஜேர்மனி கிழக்குக்குக் கொடுக்கும் வட்டியில்லாக் கடனின் வரம்பும் உயர்ந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்ப விரும்புகிறவர்கள் நம்பட்டும்.

அதே 1985 மே மாதம் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் மக்களுக்கு அவர்கள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் வந்திறங்கிய தமிழர்களைத் திருப்பி ஏற்ற முயன்றபோது, அவர்களில் சிலர் விமானத்துக்குப் பக்கத்தில் உடுப்புகளைக் கழற்றி எறிந்து மறுத்தார்கள். படம் பத்திரிகைகளில் வந்தது. சில கிழமைகளுக்குள் உள்துறைச் செயலாளர் டக்ளஸ் ஹேர்ட் விமான நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கும் சட்டத்தை அறிவித்தார். மே மாதமே அது சட்டமானது, அப்போது தலைக்கு 1,000 பவுண். கட்டுநாயக்க கவுண்டரில் இன்று நடக்கிற விசாரணை அந்தக் குளிரில் உடுப்பில்லாமல் நின்ற நம்மட ஆக்களைப் பார்த்து எழுதப்பட்டது. 1993இல் வெறுமனே விமானம் மாறுகிறவரிடமும் விசா கேட்கும் அதிகாரத்தை அதே சட்டத்தோடு சேர்த்தார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் முதல் பொதுப் பட்டியல் 1996 மார்ச் 4ஆம் திகதி வந்தது. பத்து நாடுகள், இலங்கை உள்ளே. யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் வீதியில் இறங்கி நடந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இப்போதுள்ள விசாக் கோவை 2009 ஜூலை 13ஆம் திகதிக்குரியது. முள்ளிவாய்க்கால் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மூன்று லட்சத்துக்கு அண்மித்த மக்கள் மெனிக் பாம் போன்ற முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தார்கள். வேண்டுமென்றே இந்தத் திகதிகளைப் பார்த்துச் செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தளவுக்கு நாங்கள் அவர்களுக்கு முக்கியமில்லை. ஆனால் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தத் திகதிகள் காட்டுகின்றன: எந்த நாட்டிலிருந்து ஆட்கள் உயிருக்குப் பயந்து ஓடுகிறார்களோ அந்த நாட்டின் பெயர் ஏறும்.

ஏன் குறிப்பாக ட்ரான்சிட்? பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் 1992இல் சோமாலியர் சிலரைப் பிரான்ஸ் இருபது நாள் அடைத்து வைத்தது. இது 'சர்வதேச வலயம்', பிரெஞ்சு மண்ணே இல்லை என்ற மாதிரி ஒரு வாதம். ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1996 ஜூனில், அமுவர் வழக்கில், அந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தது. பெயர் என்னவாக இருந்தாலும் அந்தக் கதிரைகள் பிரான்சில்தான் இருக்கின்றன, பிரான்சின் சட்டம் அங்கே செல்லும். அப்படியென்றால் அந்தக் கதிரையில் இருக்கிற ஒருவர் எழும்பி "எனக்குப் புகலிடம் வேண்டும்" என்று சொன்னால் கேட்டே ஆக வேண்டும். அந்த ஒரு வசனம் அந்த மண்ணில் சொல்லப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கதிரைக்கே பூட்டுப் போட்டிருக்கிறார்கள். மாணவர், அம்மாவைப் பார்க்கப் போகிறவர், கல்யாணத்துக்குப் போகிறவர் எல்லாரும் அந்தப் பூட்டில் மாட்டுகிறார்கள்.

"பொய் சொல்லி அகதி கேட்டவங்களால வந்த வினை" என்று நம்மட ஆக்களே சொல்லுவார்கள். இதற்கு வில்வராஜா வழக்கைக் காட்டுவோம். 1987இல் பிரித்தானியாவில் புகலிடம் கேட்ட ஐந்து தமிழ் இளைஞர்கள். பொய், பயப்பட ஒன்றுமில்லை என்று 1988 பெப்ரவரியில் திருப்பி அனுப்பினார்கள். வந்த பிறகு சிலர் பிடிபட்டார்கள், அடி வாங்கினார்கள். 1989இல் பிரித்தானியாவிலேயே மேன்முறையீட்டைக் கேட்ட அதிகாரி, அவர்களின் பயம் நியாயமானதுதான் என்று முடிவு செய்து திரும்ப அழைக்கச் சொன்னார், திரும்பியும் போனார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்றம் 1991இல் பிரித்தானியா மீறல் செய்யவில்லை என்று தீர்ப்பளித்தது வேறு கதை. 'பொய்' என்ற முத்திரை எவ்வளவு இலேசாகக் குத்தப்படுகிறது என்பதுதான் எங்களுக்கு இங்கே முக்கியம்.

வெளிநாட்டுக்காரனை மட்டும் திட்டி முடிக்கவும் முடியாது. ட்ரான்சிட் என்பது இந்தத் தெருக்களுக்குப் புதுச் சொல் இல்லை. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜுகளில் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இருந்து வந்து பாஸ்போட்டுக்கும் விசாவுக்கும் காத்துக் கிடந்தவர்கள் எத்தனை பேர். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் பொலிஸ் வந்து அந்த லொட்ஜுகளில் இருந்த 376 பேரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பியது. சொன்ன காரணம்: கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லாதவர்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் அடுத்த நாளே இடைக்காலத் தடை வாங்கியது, பிறகு பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க மன்னிப்பும் கேட்டார். சொந்த நாட்டின் தலைநகரில் இருக்கக் காரணம் காட்டச் சொன்ன அரசு, பிராங்பேர்ட்டில் ஒரு கதிரைக்காக நமக்காக வாதாடும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

ஆனாலும் எதிர்பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த அரசிடம் பேரம் பேச ஒரு பொருள் இருந்தது. அதைச் சும்மா கொடுத்துவிட்டது. 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு இலங்கை மீள்ஏற்பு உடன்படிக்கை செய்தது. நீங்கள் வேண்டாம் என்று அனுப்புகிற எங்கள் ஆட்களை நாங்கள் திருப்பி எடுப்போம் என்ற உறுதி, 2005 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அப்படிக் கையெழுத்திட்ட முதல் சில நாடுகளில் நாங்களும் ஒன்று, அல்பேனியா இன்னொன்று. அல்பேனியா அதைக் காட்டி விசா இலகுபடுத்தலைக் கேட்டு வாங்கியது, 2010 டிசம்பரில் அதன் மக்கள் விசாவே இல்லாமல் போகத் தொடங்கினார்கள். நாங்கள் அதே பட்டியலில் அதே இடத்தில் இருக்கிறோம். ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகைக்காகக் கொழும்பில் இருந்து பிரசல்சுக்கு எத்தனை தூதுக்குழு போய் வந்திருக்கும்! தைத்த சேர்ட் பிராங்பேர்ட்டில் விமானம் மாறலாம். தைத்த பிள்ளைக்கு 90 யூரோ.

சட்ட வாதம் இல்லாமலும் இல்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கான சிக்காகோ உடன்படிக்கையின் 9ஆவது இணைப்பு, நேரடி ட்ரான்சிட் விசா கேட்கப்படும் நாடுகளின் எண்ணிக்கையை ஆகக் குறைந்த அளவில் வைத்திருக்கச் சொல்கிறது. ஒரு வெளிவிவகார அமைச்சர் எழும்பி வாசித்துக் காட்ட ஒரு வரி அங்கே தயாராக இருக்கிறது.

இங்கே எங்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் வந்தது. "நாங்க சோமாலியா மாதிரி இல்லையே, இப்ப சண்டை இல்ல, எங்கட பேரை மட்டும் எடுக்கச் சொல்லுவோம்" என்று ஒரு பக்கம். கேட்க நியாயம் மாதிரி இருக்கும். சென்னையில் இருந்து வருகிற தமிழர் ஆம்ஸ்டர்டாமில் விசா இல்லாமல் விமானம் மாறலாம், கொழும்பில் இருந்து போகிற தமிழருக்கு முடியாது என்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. நம்மட பெயரை எடுத்துவிட்டு எரித்திரியாவின் பெயரை விட்டுவைக்கும் பட்டியல், 1985இல் நம்மட மாமாவுக்குச் செய்ததை இன்று எரித்திரிய மாமாவுக்குச் செய்கிற பட்டியல்.

பட்டியலில் நம்மோடு இருக்கிற பாகிஸ்தானியரும் ஆப்கானியரும் தூரத்து ஆட்கள் இல்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நீர்கொழும்பில் வேறொரு நாடு தங்களை ஏற்கும்வரை வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள். இலங்கை 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2014இல் இலங்கை பாகிஸ்தானியப் புகலிடக் கோரிக்கையாளர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பியபோது ஐ.நா. அகதிகள் அமைப்பு கண்டித்தது. அவர்களில் பலர் அகமதியரும் கிறிஸ்தவர்களும், அதாவது அங்கே அடி வாங்கும் சிறுபான்மையினர். 2019 ஏப்ரலில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த பிறகு நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்து அவர்கள் துரத்தப்பட்டார்கள். தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லாதவர்கள், மறுபடியும்.

ஆகவே எங்கள் கோரிக்கை இலங்கையின் பெயரை எடு என்பதல்ல. விமானம் மாறுவதற்கு விசா கேட்காதே என்பது. அது நாளைக்கே நடக்காது என்று எங்களுக்கும் தெரியும். நாளைக்கே செய்யக்கூடியது இரண்டு இருக்கிறது.

ஜம்பெட்டா வீதியிலும் காலி வீதியிலும் உள்ள டிக்கட் ஏஜென்சிகளுக்கு ஒரு பக்கக் கடுதாசி கொண்டுபோகிறோம், தமிழிலும் சிங்களத்திலும். எந்த விசா வைத்திருப்பவர் எந்த விமான நிலையத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது மட்டும். மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைக்கச் சொல்லிக் கேட்போம். வைக்காத கடையில் டிக்கட் போட வேண்டாம் என்று வெளியே வந்து சொல்லுவோம்.

மற்றது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளிவிவகார அமைச்சுக்கு ஒரு விண்ணப்பம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மூன்று கேள்விகள். 1996 முதல் இன்றுவரை விமான நிலைய ட்ரான்சிட் விசாப் பட்டியலைப் பற்றி இலங்கை அரசு ஐரோப்பிய ஒன்றியத்திடம் எழுத்தில் எத்தனை தடவை கேட்டிருக்கிறது? மீள்ஏற்பு உடன்படிக்கையைப் பேசியபோது பதிலுக்கு என்ன கேட்டார்கள்? 2021இல் பிரித்தானிய விசாவுக்கான விலக்கு போனதை நாட்டு மக்களுக்கு எந்தத் திகதியில், எந்த மொழியில் அறிவித்தார்கள்?